உங்கட வீட்டுக் கதையை மட்டும்

கூட்டத்துக்கு வரச்சொல்லித் தொலைபேசி எடுத்த உத்தியோகத்தர் என்னைப் பங்குதாரர் என்றார். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "எதில பங்கு?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து உளநலச் சேவைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற நிதியில் மாற்றம் செய்யப் போகிறார்களாம். அதனால் மனநோய் வருத்தக்காரர் உள்ள குடும்பங்கள், சங்கங்கள், பள்ளிக்கூடம், அரச உத்தியோகத்தர்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கலந்துரையாடல் வைக்கிறார்களாம். எங்களைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்கமாட்டார்களாம். எங்களைக் கேட்காமலே முடிவெடுத்தவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அதைக் கேட்க ஒரு மாதிரி சந்தோசமாகத்தான் இருந்தது. வாறன் என்று சொல்லிவிட்டுச் சோற்றை இறக்கினேன்.

எங்கள் ஊர், வன்னியில் மல்லாவியிலிருந்து கிறவல் மண் ரோட்டால் உள்ளே வரவேண்டிய ஒரு குடியேற்றத் திட்டம். அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர். அவர் செத்த பிறகு அந்த வயலை நான் செய்கிறேன். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளைப் பார்த்துப் பதில் சொல்வேன். பெரியக்கா சண்டை முற்றுவதற்கு முதலே கனடாவுக்குப் போய்விட்டா. வீட்டில் நானும் தம்பியும்தான். அவன் என்னைச் சின்னக்கா என்பான்.

தம்பிக்கு வருத்தம் முகாமில் தொடங்கியது என்று ஆஸ்பத்திரியில் சொல்வோம். உண்மையில் அது பஸ்ஸில் தொடங்கியது. சண்டை முடிந்த கையோடு எங்களைப் பஸ்களில் ஏற்றிச் செட்டிகுளத்துப் பக்கம் முகாமுக்குக் கொண்டு போனார்கள். நெரிசலில் நான் முன்பக்கம் அகப்பட்டுவிட்டேன். அம்மாவும் அவனும் கடைசி இருக்கையில் இருந்தார்கள். அம்மா காயப்பட்டிருந்தா. வழியிலேயே அவாவின் உயிர் போய்விட்டது. அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவை நடுவழியில் இறக்கிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறான். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா நித்திரை, அம்மா நித்திரை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டு முகாம் வாசல் வரைக்கும் வந்தான். அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் ஏறியதில்லை. ஊருக்குத் திரும்பியபோதும், சாமான் ஏற்றிய லொறியில் தகரங்களுக்கு மேலே இருந்துதான் வந்தான்.

மாதம் ஒரு ஊசி. அந்த ஊசி இருந்தால் தம்பி தம்பியாக இருப்பான். விடிய எழும்பி வீட்டு வளவு கூட்டுவான், மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவான், பின்னேரம் வானொலியில் பாட்டுக் கேட்பான். கொஞ்சம் மந்தமாக இருப்பான், அவ்வளவுதான். ஊசி தவறினால் சாப்பாட்டை விடுவான். பிறகு கதைப்பதை விடுவான். பிறகு வீட்டை விட்டுக் காட்டுக்குள் போய்விடுவான். யானை திரிகிற காடு. முன்பு ஒருமுறை அப்படிப் போனவனை ஊர் முழுக்கத் தேடிக் குளக்கட்டுக்கு அந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தோம். நல்ல காலமாக அதற்குப் பிறகு இந்தச் சேவை வந்தது. ஒரு தாதி ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போவா. தம்பி பஸ் ஏற வேண்டியதில்லை. கிறவல் புழுதியில் குளித்துக்கொண்டு வருகிற அந்த மனுசியை நான் மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.

எங்கள் வேலிப் படலையில் ஸ்கூட்டியை நிறுத்தினால் தாதிக்கு இரண்டு வீட்டு வேலை முடிந்துவிடும். பக்கத்து வளவிலும் ஒரு ஊசி இருந்தது. அந்த வீட்டுக்காரர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். அங்கே இருக்கிற அக்காவும் அவவின் மகளும்தான் எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லக்கூடிய சனம். முகாமில் எங்கள் கூடாரமும் அவர்களுடைய கூடாரமும் ஒட்டி ஒட்டி இருந்தன. அப்போது மகள் சின்னப்பிள்ளை. தம்பிக்கு வருத்தம் முற்றாத காலம். தண்ணீர் வரிசையில் நின்று பிளாஸ்டிக் கானில் பிடித்து வந்து, முதலில் அந்தப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் கூடாரத்துக்குள் கொண்டு வருவான். அவள் வளர்ந்த பிறகு அவளுக்கும் வருத்தம் வந்தது. காதுக்குள் ஆட்கள் கதைக்கிறார்கள் என்பாள். ஊசிக்குப் பிறகு அந்த ஆட்கள் போய்விட்டார்கள். தைக்கப் பழகினாள், சமைத்தாள், செட்டிகுளம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம்கூடப் பேசி வந்தது.

முகாமில் நாங்கள் ஒரு பழக்கம் பழகினோம். பால்மாவுக்கோ பாய்க்கோ டொக்டரின் கூடாரத்துக்கோ போனால், எனக்குத் தாங்கோ என்று கேட்கிறவளை ஒருவருக்கும் பிடிக்காது. வாய்க்காரி என்பார்கள். பக்கத்துக் கூடாரத்துக்குத் தாங்கோ, பாவம் அந்தப் பிள்ளை என்று கேட்டால் நம்புவார்கள். ஆகவே அக்கா எங்களுக்காகக் கேட்பா, நான் அவர்களுக்காகக் கேட்பேன். எங்கள் வரிசை முழுக்க அப்படித்தான் கேட்டோம். ஊருக்கு வந்த பிறகும் அது போகவில்லை. வீட்டுத் திட்டம் வந்தபோதும், கிணறு கட்டக் கொடுத்தபோதும், ஒருவரும் தன் வாயால் தன் வீட்டுக்குக் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது எங்களுக்குக் கூச்சம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுத் தருவார் என்று பேசாமல் இருப்போம். அவர் கட்டாயம் கேட்டும் தருவார்.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அக்கா வேலியடிக்கு வந்தா. "தங்கச்சி, எப்பவும் போலத்தானே?" என்றா. "ஓம் அக்கா, எப்பவும் போலத்தான்" என்றேன். பிள்ளையின் குரல் கேட்கிற கதையையும், ஊசி தவறினால் கிணற்றடியில் நிற்கிற கதையையும் நான் சொல்வது. தம்பியின் பஸ் கதையை அக்கா சொல்வது. இது போதும், இரண்டு வீட்டுக்கும் ஊசி நிற்காது என்று நினைத்தோம். தம்பி அந்த நேரம் அவர்களுடைய படலை வரைக்கும் கூட்டிக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் எங்கள் வளவோடு நிற்காமல் அங்கே வரைக்கும் கூட்டுவான்.

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்களும் ஒரு வெள்ளைக்காரரும் முன்னுக்கு இருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து எங்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். வயல் செய்கிறவர்களின் கமக்கார அமைப்பு ஒரு மூலை, மாதர் சங்கம் ஒரு மூலை, ஆசிரியர்கள் மேடைப் பக்கம். வருத்தக்காரர் உள்ள குடும்பங்களுக்கு ஜன்னலோரம் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அக்கா மகளையும் கூட்டி வந்திருந்தா. பிள்ளை பவுடர் பூசி, தானே தைத்த நீலச் சட்டை போட்டு, தாயின் பக்கத்தில் ஒடுங்கி இருந்தாள். தம்பி வரவில்லை. அவனுக்குச் சனக்கூட்டம் ஆகாது.

எங்கள் குழுவை நடத்திய பெண், தமிழ்ப் பிள்ளை, நல்ல சாந்தமான முகம். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் கூட்டத்து விதிகளை எழுதியிருந்தாள். அவற்றில் ஒன்றைக் காட்டி மெதுவாக விளங்கப்படுத்தினாள்.

"இஞ்ச ஆரும் மற்ற ஆக்களின்ர வருத்தத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம். அது அவையின்ர அந்தரங்கம். உங்கட வீட்டுக் கதையை மட்டும், உங்கட அனுபவத்தை மட்டும் சொல்லுங்கோ. நாங்கள் எழுதிக்கொள்ளுறம்."

கெட்ட விதி என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊர் வாய்களை எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு விசர் என்று ஒருத்தி சொன்னால் அது அடுத்த ஊருக்குப் போய்ச் சேர முன்னம், பெற்ற நாலு பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடியவள் என்ற பெயரும் அவளுக்குச் சேர்ந்துவிடும். அந்தப் பெண் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதைச் சொன்ன கையோடு எங்கள் வட்டத்தில் எல்லாருடைய முகமும் கீழே போனது. ஒருவரும் சொந்தக் கதை கொண்டு வந்திருக்கவில்லை. எல்லாரும் பக்கத்து வீட்டுக் கதையைத்தான் தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தோம்.

முதலில் ஒரு வயதான ஐயா எழும்பினார். "என்ர மகன் இப்ப பரவாயில்லை. ஆனா இவர்ர மனிசிதான் பாவம்..." என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினார். "ஐயா, உங்கட கதையை மட்டும்" என்றாள் பெண். ஐயா சொன்னதையே திரும்பச் சொன்னார், மகன் பரவாயில்லை என்று, சொல்லிவிட்டு இருந்துவிட்டார். பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி, மனிசி பரவாயில்லை, ஐயாவின்ர மகனுக்குத்தான் என்று தொடங்கினார். அவரையும் நிறுத்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எழுதுகிற தாளில் பரவாயில்லை, பரவாயில்லை என்று ஏறிக்கொண்டு போனது.

அக்காவின் முறை வந்தது. அவ என்னைப் பார்த்தா. பிறகு பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தா. மேடைப் பக்கத்தில் ஆசிரியர்கள், அங்காலே மாதர் சங்கம், செட்டிகுளத்துச் சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. அந்த இடத்தில் எந்தத் தாய் வாய் திறப்பாள்?

"என் மக நல்லா இருக்கா. சமைக்கிறா, தைக்கிறா. இந்தச் சட்டைகூட அவ தச்சதுதான்" என்றா அக்கா. பெண் சிரித்த முகத்தோடு அதை எழுதினாள். பிள்ளை வெட்கப்பட்டுச் சட்டையின் விளிம்பைத் தடவினாள்.

நான் எழும்பினேன். "பிள்ளை, இந்த அக்காவின்ர மகள் நல்லா இருக்கிறது ஊசி போடுறதாலதான். அது நிண்டால்..." என்றேன். "அம்மா, குறை நினைக்காதேங்கோ, உங்கட வீட்டுக் கதையை மட்டும்." மூன்றுதரம் முயன்றேன். மூன்றுதரமும் அதே பதில், அதே சாந்தம். எனக்குக் கோபம் தலைக்கேறினால் நாக்கு நிற்காது.

"சரி, அப்ப என்ர வீட்டுக் கதையையே சொல்லுறன். எழுதுங்கோ. என்ர தம்பி பஸ் ஏறமாட்டான். பஸ்ஸில அம்மா செத்தவா. ஊசி வீட்டுக்கு வரவேணும். வராட்டி அவன் காட்டுக்குள்ள போயிடுவான். எழுதினனீங்களோ? வாசிச்சுக் காட்டுங்கோ."

வாசித்துக் காட்டினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. மற்ற மூலைகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதிரையில் இருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னீங்க தங்கச்சி" என்றா. நான் சொன்னது பிழை இல்லை. இன்றைக்கு அந்த வட்டத்தில் இருத்தினாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தம்பிக்கென்று கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் தாதி தம்பிக்கு ஊசி போட்டுவிட்டு, ஸ்கூட்டியில் ஏறாமல் படலையில் நின்றா. "அக்கா, முடிவு வந்திட்டுது. இனி எல்லா வீட்டுக்கும் போறேல்ல. கடும் வருத்தம் உள்ள ஆக்களுக்கு மட்டும்தான் வீட்டில ஊசி. மற்ற ஆக்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரவேணும். மிச்ச நிதி பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர ஆலோசனைக்கும், போதைவஸ்துப் பிரச்சினைக்கும் போகுது." நான் பக்கத்து வளவைப் பார்த்தேன். தாதி கீழே பார்த்தா. "அந்தப் பிள்ளையின்ர அம்மா, மகள் நல்லா இருக்கிறா எண்டெல்லோ கூட்டத்தில சொல்லியிருக்கிறா" என்றா.

யாரைத் திட்டுவது? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உதவி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எங்கள் ஊர்ப் பெடியள் தூள் பாவித்துக் கெட்டுப் போவதை நானும் பார்க்கிறேன்தானே. மாதர் சங்கமும் ஆசிரியர்களும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். எல்லாரையும் கேட்டார்கள், எல்லாரும் சொன்னதை எழுதினார்கள், எழுதினபடியே செய்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இருக்கவில்லை. அன்றைக்கு முழுக்க ஆடு மாட்டோடு சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதமும் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டவுடன், வழக்கம்போல இஞ்சி போட்ட பிளேன்ரீயைத் தாதிக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தா. தாதி குடித்துவிட்டு, அவர்களுடைய படலையைத் தாண்டிப் போனா. பிள்ளை படலைக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். முறை மாறியது அவளுக்கு மனதில் பதியவில்லையோ என்னவோ. ஸ்கூட்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ் வரும். பின்னேரம் அதே பஸ் திரும்பும். தொடக்கத்தில் அக்கா மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனா. பிறகு காலபோக மழை பிடித்தது. வாய்க்கால் ரோட்டை மூடிப் பாய்ந்து, பஸ் உள்ளே வரவில்லை. மழை விட்டபோது அக்காவுக்குக் காய்ச்சல். பிறகு களை பிடுங்குகிற வேலை, அதை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஊசி தவறியது. அடுத்ததும் தவறியது. பிள்ளை தைப்பதை நிறுத்தினாள். சமைப்பதை நிறுத்தினாள். ஒருநாள் நான் தண்ணீர் அள்ளப் போனபோது, கிணற்றுக் கட்டில் கையூன்றி உள்ளே குனிந்து யாருக்கோ மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. செட்டிகுளத்தார் பிறகு வரவில்லை.

நான் தாதியோடு சண்டைக்குப் போனேன். "ஒரு படலைதானே மிஸ்? அங்கயும் ஒண்டைப் போட்டுவிடுங்கோவன்!" அவ அழுதேவிட்டா. "அக்கா, பட்டியலில பேர் இல்லாத ஆளுக்கு என்னட்ட மருந்து தரமாட்டினம். தராத மருந்தை நான் எப்பிடிப் போடுறது?" அழுகிற மனுசியோடு மேலே என்ன கதைப்பது? நானே போய் அவவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தம்பி வாசலில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த முறை தாதி வந்தபோது அவன் சேர்ட்டின் கையை மடிக்கவில்லை.

"எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு முதல் போடுங்கோ."

தாதி எடுத்துச் சொன்னா. நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். "நீ போடாட்டி நானெல்லோடா சாகவேணும்!" என்றேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னான், அந்தப் பிள்ளைக்கு முதல், அந்தப் பிள்ளைக்கு முதல். முகாமில் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்து கூடார வாசலில் நின்ற அதே முகம். இத்தனை வருசம் எங்கேயோ போயிருந்த அந்த முகத்தை, இப்படி ஒரு நேரத்தில்தான் நான் திரும்பக் கண்டேன். தாதி ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனா.

இரண்டு வளவிலும் ஊசி இல்லை. அவன் சாப்பாட்டைக் குறைத்தான். நான் படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன், அவன் காட்டுக்குப் போய்விடுவான் என்ற பயத்தில் வயலுக்கும் போகவில்லை. ஒரு காலை அவன் தானாகவே வந்து, "சின்னக்கா, பஸ்ஸில அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவம். நானும் வாறன்" என்றான். நான் நம்பவில்லை. ஆனால் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலை இழுத்து, சங்கிலி போட்ட படலைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அக்காவைக் கூப்பிட்டேன். அவவும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் மகளுக்கு உடுப்பு மாற்றிக் கூட்டி வந்தா.

பஸ் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். பிள்ளையை ஜன்னலோரம் விட்டுப் பக்கத்தில் இருந்தான். போகிற வழி முழுக்க அவன் கண் திறக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க விரித்து மடியில் வைத்திருந்தான். அவற்றில் ஏதோ பாரம் இருப்பது போலக் கை அசையாமல் இருந்தது. வேர்வையில் சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியது. நான் பின்னால் இருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். அம்மா செத்த அன்று நான் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தேன். என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

கிளினிக்கில் முதலில் பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். போட்டதைத் தன் கண்ணால் கண்ட பிறகு அவன் கையை நீட்டினான். அக்கா கன்ரீனில் எல்லாருக்கும் றோல்ஸும் பிளேன்ரீயும் எடுத்தா. பிள்ளை நீண்ட நாளுக்குப் பிறகு சாப்பிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸிலும் அவன் அதே மாதிரித்தான் இருந்தான். வீட்டுக்கு வந்து மூன்று நாள் பாயை விட்டு எழும்பவில்லை. ஆனால் ஊசி ஏறியிருந்தது. ஏதோ ஒன்று சரிவந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ஸ்கூட்டி வரவில்லை. நான் தொலைபேசி எடுத்தேன். தாதியின் குரல் கம்மியிருந்தது. "அக்கா, தம்பி கிளினிக்குக்கு நேரில வந்திட்டுப் போனவர் எண்டு பதிவில இருக்கு. வரக்கூடிய ஆக்களுக்கு வீட்டில போட ஏலாதாம். நான் எல்லாம் சொல்லிப் பாத்தனான். வருசக் கடைசியில திரும்பவும் ஒரு கலந்துரையாடல் வைக்கினம். அதில சொல்லுங்கோ அக்கா." நான் தொலைபேசியை வைத்தேன். கத்துவதற்குக்கூட எனக்குத் தெம்பு வரவில்லை.

கிளினிக் நாள் விடிய நாங்கள் நாலு பேரும் பஸ் எடுக்கிற பாலை மரத்தடிக்குப் போனோம். தம்பி அதே வெள்ளைச் சேர்ட்தான். பஸ் வந்து நின்றது. அக்காவும் பிள்ளையும் ஏறினார்கள். தம்பி மிதிபலகையில் ஒரு காலை வைத்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. காலை எடுத்து நிலத்தில் வைத்தான். திரும்ப வைத்தான். திரும்ப எடுத்தான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கொண்டக்டரின் கையைப் பிடித்தே விட்டா. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. அந்தத் தம்பி ஏறட்டும். அது நல்ல தம்பிங்க. சுகமில்லாத புள்ளைங்க. ஒரு நிமிசம் நில்லுங்க ஐயா." சொந்த மகள் பக்கத்தில் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு இருக்க, அவ என் தம்பிக்காகக் கெஞ்சினா. பஸ் நின்றது. கன நேரம் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நேரம் போகிறது என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். கடைசியில் நான்தான் தம்பியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "போங்கோ, நீங்கள் போங்கோ அக்கா" என்றேன். ஜன்னலால் பிள்ளை கையைக் காட்டினாள். தம்பியும் காட்டினான்.

அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் அவன் படலையடியில் இருந்தான். சோறு வைத்தேன், தொடவில்லை. பஸ் வந்து, அக்காவும் பிள்ளையும் ஒழுங்கையால் நடந்து வந்தார்கள். அக்கா நேரே என்னிடம் வந்தா. நடந்த களைப்பு ஒருபக்கம், அழுத கண் ஒருபக்கம்.

"தங்கச்சி, தம்பிக்குக் கேட்டுப் பாத்தேன். எல்லாத்தையும் சொன்னேன், பஸ்ஸு கதை, அம்மா கதை எல்லாம். மருந்தைக் குடுத்தனுப்புங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மத்தவங்களுக்கு வாங்கக் கூடாதாம். அவரேதான் வரணுமாம்."

நான் அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தம்பி எழும்பி வந்து பிள்ளையின் முன்னால் நின்றான்.

"ஊசி போட்டாச்சோ?"

"போட்டாச்சு" என்று பிள்ளை தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப சரி" என்றான் தம்பி. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுபோய், அவர்களுடைய படலையடியிலிருந்து கூட்டத் தொடங்கினான்.